மணிக்கூண்டு எண்பத்தொன்பது முறை அடித்த வெள்ளிக்கிழமை

ஜொகூர் பாரு கடைத்தெரு மணிக்கூண்டின் வரலாற்றை ஒரே பக்கத்தில் எழுதித் தரும்படி சொன்னார்கள். அதற்குப் பத்து வயது ஆகிறதாம், சிறப்பு மலர் போடுகிறார்களாம். மராமத்து இலாகாவில் பதினேழு வருஷமாகக் கிராணி, அதாவது குமாஸ்தா, வேலை பார்க்கிறவன் நான் ஒருவன்தான் என்பதால் அது என் தலையில் விழுந்தது. எழுதிக் கொடுத்துவிட்டேன். உயரம் அறுபது அடி. இயந்திர அறைக்குப் போகப் படிகள் எழுபத்தொன்று. முகங்கள் நான்கு, மணி ஒன்று. சிங்கப்பூருக்குக் கடல்மேல் பாலம் திறந்த மறுவருஷம், 1925-இல், கட்டி முடித்தது. எங்கள் இலாகாவின் வெள்ளைக்காரத் துரை படித்துப் பார்த்துவிட்டு, "வெரி குட், கிரகோரி" என்றார். நன்றாகத்தான் இருந்தது. அதில் ஒரு மனிதன்கூட இல்லை.

விட்டுப்போன மனிதரைப் பற்றி இங்கே எழுதுகிறேன். இதற்குப் பக்கக் கணக்கு கிடையாது.

அதற்கு முன்னால் மணிக்கூண்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் எல்லாமே அதைச் சுற்றித்தான் நடக்கும். விடிகாலையில் தெருக்கூட்டிகளுக்கு அங்கேதான் பெரட்டு. பேர் கூப்பிட்டு, ஆள் எண்ணி, வேலைக்கு அனுப்புவார்கள். காலையில் ரிக்‌ஷா இழுக்கும் சீனர்கள் மேற்குப் பக்க நிழலில் குந்தியிருப்பார்கள். மத்தியானத்துக்கு மேல் நிழலோடு அவர்களும் கிழக்குப் பக்கம் நகர்வார்கள். சாயங்காலம் குச்சியில் இறைச்சி குத்திச் சுட்டுச் சாத்தே விற்கும் மலாய்க்காரர் அடுப்பை மூட்டுவார். ஏலம், காணாமல் போன மாடு, நாய் லைசென்ஸ், எல்லா அறிவிப்பும் அதன் அடிச்சுவரில்தான் ஒட்டப்படும். புதிதாகக் கல்யாணம் ஆனவர்கள் அதன் முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். கடிகாரமும் போட்டோவில் விழுந்துவிடும். ஆகவே அவர்கள் எத்தனை மணிக்கு முறைத்துக்கொண்டு நின்றார்கள் என்பது பேரப்பிள்ளைகள் வரைக்கும் தெரியும்.

லீவு நாட்களில் ஸ்கூடாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருவார்கள். சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வந்து சேரும்படி கிளம்புவார்கள். ஒரு மணிக்கு வந்தால் ஒரே அடிதான். பன்னிரண்டுக்கு வந்தால் பன்னிரண்டு. அவ்வளவு தூரம் நடந்த காலுக்கு நியாயம் வேண்டாமா?

இந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவர் வீரமுத்து. மணிக்கூண்டு கட்டும்போது சுண்ணாம்புச் சட்டி சுமந்து சாரம் ஏறியவர். இங்கிலாந்திலிருந்து கடிகாரத்தோடு அதைப் பொருத்த வந்த பிட்டர், உயரத்துக்குப் பயப்படாத ஆள் ஒருவன் வேண்டும் என்று கேட்டார். வரிசையில் நின்ற மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். இவர் மேலே பார்த்தார். வேறு பரீட்சை எதுவும் வைக்கவில்லை.

எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அந்த இயந்திரத்தில் எந்தப் பல் எதைக் கடிக்கிறது என்பது பிட்டருக்கு அடுத்தபடி அவருக்குத்தான் தெரியும். வெள்ளிக்கிழமை காலை தவறாமல் சாவி கொடுப்பார், எண்ணெய் விடுவார். ஆயுத பூஜைக்குப் பித்தளைச் சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைப்பார். துரை ஒருமுறை மேலே ஏறிப் பார்த்துவிட்டு, அந்தச் சிவப்புப் பொட்டு துரு என்று குறிப்பெழுதினார். துரு துடைக்கப்பட்டது என்று நான் பதில் எழுதினேன். அடுத்த வருஷமும் துரு பிடித்தது.

ஊரில் அவருக்கு 'மணிக்காரர்' என்று பெயர். அந்தப் பெயர் அவர் தலையில் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது, மறைப்பானேன். பெரட்டுக்குப் பிந்தி வருகிறவர்களை வேலை வாங்கும் மண்டோர் திட்டுவதற்கு முன்னால் இவர் திட்டுவார். யாராவது பாக்கெட் கடிகாரத்தை எடுத்துப் பார்த்து, "மணிக்கூண்டு ரெண்டு நிமிஷம் முன்னால போவுதே" என்றால், "ஒங்க கடிகாரத்துக்கு யாரு சாவி குடுக்குறது? நீங்கதானே? அதான்" என்பார். என்னிடமே சொல்லியிருக்கிறார்.

அந்தக் கடிகாரத்துக்கு ஒரு குணம் உண்டு. இதை மட்டும் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும். அதன் முள்ளை முன்னால் நகர்த்தலாம். பின்னால் நகர்த்தவே கூடாது. நகர்த்தினால் மணியைத் தட்டுகிற நெம்புகோல் ஒடிந்துவிடும். முன்னால் நகர்த்தும்போதும் வழியில் வருகிற ஒவ்வொரு மணியையும் முழுக்க அடித்துத் தீர்க்க விட வேண்டும், அரை மணிக்கு அடிக்கிற ஒற்றை அடி உள்பட. நடுவில் ஒன்றை விழுங்கினால், பிறகு முள் காட்டுவது ஒன்று, மணி அடிப்பது ஒன்று என்று ஆகிவிடும். அதனால் எழுத்து மூலம் உத்தரவில்லாமல் முள்ளை யாரும் தொடக்கூடாது என்று இலாகாவில் ஒரு விதி இருந்தது. அந்த விதியை டைப் அடித்தவன் நான். அதை எழுத்துக்கு எழுத்துக் காப்பாற்றியவர் எழுத்துத் தெரியாத வீரமுத்து.

1933 ஜனவரி முதல் தேதி முதல், சிங்கப்பூரோடு சேர்ந்து நாமும் கடிகாரத்தை இருபது நிமிஷம் முன்னால் வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. பகல் வெளிச்சம் வீணாகிறதாம். உத்தரவை நானே எடுத்துக்கொண்டு போய் வீரமுத்துவிடம் படித்துக் காட்டினேன். அவர் முள்ளை இருபது நிமிஷம் முன்னால் தள்ளினார். வேலை ஒரு நிமிஷத்தில் முடிந்தது. ஊர் அதை ஜீரணிக்க ஒரு மாதம் ஆனது.

தோட்டங்களில் கும்மிருட்டில் பெரட்டுக்கு எழுப்புகிறார்கள் என்று புலம்பினார்கள். சீனர் கடைகளில் புது நேரத்துக்குத் திறந்து பழைய நேரத்துக்கு மூடினார்கள். என் மனைவி கத்தரின், பூசைக்குப் புது நேரத்துக்கும் சமையலுக்குப் பழைய நேரத்துக்கும் போனாள். மாரியம்மன் கோயில் பண்டாரம் மட்டும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "சூரியன் இருபது நிமிசம் முன்னால வந்தா நானும் வர்றேன். ராகு காலம், எமகண்டம் எல்லாம் பழைய நேரந்தான்."

இது வீரமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. கோயிலுக்கே போய்ச் சண்டை போட்டார். "மணிக்கூண்டு பத்தரை அடிச்சா பத்தரைதான், பண்டாரம். ஊருக்கு ஒரு நேரம், ராகுவுக்கு ஒரு நேரமா? இப்பிடி ஆளாளுக்கு ஒரு நேரம் வச்சிக்கிட்டா நான் எதுக்கு எழுவத்தொரு படி ஏறுறேன்?"

பண்டாரம் விபூதித் தட்டை நீட்டினார். வீரமுத்து எடுத்துக்கொள்ளாமல் வந்துவிட்டார். இதெல்லாம் அவர் மகள் கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது.

அவருக்கும் பேச்சியம்மாளுக்கும் ஒரே பெண், செல்வராணி. மாப்பிள்ளை வேலு, சிங்கப்பூர்த் துறைமுகத்தில் வேலை. அமைதியான பையன். அமைதியாக இருந்ததற்குக் காரணம் அவனுக்கும் சேர்த்து அவன் தாய்மாமன் செல்லப்பன் பேசிவிடுவதுதான். தகப்பன் இல்லாத பையன் என்பதால் செல்லப்பன் வைத்ததுதான் சட்டம். அவருக்கு இந்தச் சம்பந்தம் அவ்வளவாகப் பிடிக்கவில்லை. தன் தம்பி பெண் ஒருத்தி சிங்கப்பூரில் இருக்கும்போது, மருமகன் எதற்காகக் கடல் தாண்டிப் பெண் எடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். கடல் என்றால் முக்கால் மைல்.

முகூர்த்தம் தை மாதம் மூன்றாவது வெள்ளி, காலை ஒன்பதரைக்கு மேல் பத்தரைக்குள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும், பன்னிரண்டுக்குத்தான் முடியும். இங்கே வெள்ளிக்கிழமை சர்க்கார் லீவு என்பதால் எங்கள் எல்லோருக்கும் அந்த நாள் வசதி. பத்திரிகை கொடுக்கப் போன இடத்தில் செல்லப்பன் கேட்டாராம். "ஒன்பதரை, பத்தரைன்னு போட்டிருக்கே. பழைய நேரமா, புது நேரமா?"

வீரமுத்து நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னாராம். "எங்க ஊர்ல ரெண்டு நேரம் கெடையாது. மணிக்கூண்டு என்னா அடிக்குதோ அதுதான் நேரம்."

இதை அவரே வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னார்.  "எதுக்கும் பழைய நேரம்னு சொல்லி வச்சிருக்கலாம்லா. இருபது நிமிஷம் கையில இருக்கும்" என்றேன்.

"கிராணி ஐயா, நானே அப்பிடிச் சொன்னா ஊர்ல எவன் அதைப் பாத்து மணி சொல்லுவான்?" என்றார். 

கல்யாணம் மாரியம்மன் கோயில் வாசலில். மணிக்கூண்டுக்குக் கூப்பிடு தூரம். நான்கு கால் நட்டுப் பந்தல் போட்டு, குலை வாழை கட்டியிருந்தார்கள். என்னை முன் வரிசையில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். பேச்சியம்மாள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வந்து என்னிடம் கலர் சோடா குடிக்கிறீர்களா என்று கேட்டார். மூன்று கலர் குடித்தேன்.

மாப்பிள்ளை வீட்டார் எட்டரைக்கு வருவதாக இருந்தது. ஒன்பதரை ஆகியும் காணோம். பாலத்தில், எங்கள் கரைப் பக்கம், படகு போவதற்காகத் தூக்கும் துண்டைத் தூக்கிவிட்டார்கள் என்று ஒரு சைக்கிள்காரர் வந்து சொன்னார். ஒருவழியாக லோரி வந்து நின்றபோது மணிக்கூண்டில் ஒன்பதே முக்கால். இறங்கியதும் செல்லப்பன், மேளத்தோடு வந்து எதிர்கொள்ளவில்லை என்றார். மேளம் போனது. மாலை சிறியதாக இருக்கிறது என்றார். வேறு மாலை வந்தது. பிறகு தேத்தண்ணீர் கேட்டார். அதில் சீனி போதாது என்றார். வேலு மட்டும் லோரியிலிருந்து இறங்கியதிலிருந்து மணிக்கூண்டைப் பார்ப்பதும் மாமனைப் பார்ப்பதுமாக இருந்தான்.

அவன் குளித்து, பட்டு உடுத்தி மணையில் உட்காரும்போது பத்து இருபது. வீரமுத்து "சீக்கிரம், சீக்கிரம்" என்றார். பண்டாரத்துக்கு அவசரமே இல்லை. அவர் கணக்கில் அப்போதுதான் மணி பத்து. நிதானமாக மந்திரம் சொன்னார். தாலித் தட்டைச் சபைக்கு அனுப்பினார். ஒவ்வொருவரும் தொட்டு வணங்கி அடுத்தவரிடம் கொடுத்தார்கள். நான் அந்தோணியார் கோயிலுக்குப் போகிறவன் என்றாலும் தாலி தாலிதான். வாங்கித் தொட்டேன். தட்டு என் கையில் இருக்கும்போது மணிக்கூண்டு ஒரே ஒரு அடி அடித்தது.

பத்தரை.

"நிறுத்துங்க" என்று செல்லப்பன் எழுந்தார். "ராகு காலம் பொறந்தாச்சி. இனிமே தாலி கட்டக் கூடாது."

"இன்னும் இருபது நிமிசம் இருக்கு" என்றார் பண்டாரம். "இது புது நேரத்து மணி. ராகு காலம் சூரியனைப் பாத்து வர்றது."

"நீங்க சொல்றது எனக்குத் தேவையில்ல. பொண்ணோட அப்பாவே எங்க வீட்டுல வந்து சொல்லியிருக்காரு, மணிக்கூண்டு அடிக்கிறதுதான் நேரம்னு. கேளுங்க அவர. சொன்னாரா இல்லியா?"

எல்லோரும் வீரமுத்துவைப் பார்த்தார்கள். பேச்சியம்மாள் அவர் தோள் துண்டைப் பிடித்து இழுத்து, "இல்லன்னு சொல்லுங்க. பழைய நேரத்தத்தான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றார். அது சபை முழுக்கக் கேட்டது.

"சொன்னேன்" என்றார் வீரமுத்து.

அந்த நிமிஷத்தில் அவரை எனக்கு ஓங்கி அறையலாம் போல இருந்தது. பெண் மணையில் உட்கார்ந்திருக்கிறாள், தாலி என் மடியில் இருக்கிறது, இந்த மனுஷன் மணிக்கூண்டின் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறார்.

"அப்ப சரி. மாசியில வேற நாள் பாத்துக்கலாம்" என்று செல்லப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். மாசியில் பார்த்துக்கலாம் என்பதற்கு என்ன பொருள் என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். செல்லப்பனின் தம்பி பெண் கல்யாணப் பத்திரிகை மாசியில் வரும். மணைவரைக்கும் வந்து எழுந்துபோன பெண்ணை அதன் பிறகு யார் கேட்டு வருவார்கள்? வேலு எழுந்திருக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை.

வீரமுத்து செல்லப்பன் எதிரில் போய் நின்றார்.  "மணிக்கூண்டுல பத்து இருவத்தஞ்சின்னு காட்டினா கட்ட விடுவீங்களா?"

"காட்டினா கட்டட்டும். எனக்கு மணிக்கூண்டுதான் கணக்கு" என்றார் செல்லப்பன், போன நேரம் திரும்பி வராது என்ற தைரியத்தில்.

வீரமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார்.

அவர் என்ன செய்யப் போகிறார் என்பது அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். பின்னால் தள்ள முடியாத முள்ளைப் பத்து இருபத்தைந்துக்குக் கொண்டுவர ஒரே வழிதான் உண்டு. பன்னிரண்டு மணி நேரத்துக்குச் சில நிமிஷம் குறைவாக அதை முன்னால் சுற்ற வேண்டும். பகல் முழுவதையும், இரவு வரைக்கும், ஒரே மூச்சில் அடித்துத் தீர்க்க வேண்டும். உத்தரவில்லாமல். அவரைத் தடுப்பதுதான் என் உத்தியோகம். நான் தாலித் தட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நான்கைந்து நிமிஷத்தில் மணிக்கூண்டு பதினொன்று அடித்தது.

மேளக்காரர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினொன்று முடிந்து மூச்சு விடுவதற்குள் பதினொன்றரைக்கான ஒற்றை அடி விழுந்தது. அது அடங்குவதற்குள் பன்னிரண்டு ஆரம்பித்தது. கடைத்தெருவில் ஆட்கள் வெளியே வந்து மேலே பார்த்தார்கள். மளிகைக் கடைச் சீனர் ஒருவர், நெருப்புப் பிடித்ததற்கு அடிக்கிறார்கள் என்று நினைத்துத் தன் மூட்டைகளைத் தெருவுக்கு எடுத்துப் போட ஆரம்பித்தார். பள்ளிவாசல் பக்கம் யாரும் அசையவில்லை; அவர்களுக்கு நேரம் பார்க்க நிழல் போதும். தோட்டத்திலிருந்து மணி கேட்க வந்திருந்த ஒரு குடும்பம் மட்டும், இவ்வளவு சீக்கிரம் பன்னிரண்டு வந்துவிட்டதே என்று மகிழ்ச்சியாக வாயைப் பிளந்துகொண்டு நின்றது.

பன்னிரண்டாவது அடி விழுந்ததும் மணையிலிருந்து செல்வராணி பேசினாள். சத்தமாகப் பேசவில்லை. ஆனால் மணப்பெண் பேசினால் சபை கேட்கத்தானே செய்யும்.

"பெரியவங்களே, பன்னண்டு அடிச்சிருச்சி. ராகு காலம் முடிஞ்சிருச்சி."

செல்லப்பன் திரும்பினார். "என்னாது? அது ஒங்கப்பன் மேல ஏறித் திருப்புறான்."

"மணிக்கூண்டுதான் கணக்குன்னு நீங்கதான சொன்னீங்க? இப்பக்கூட சொன்னீங்க."

செல்லப்பன் வாயைத் திறந்தார். அதற்குள் மணிக்கூண்டு பன்னிரண்டரை அடித்தது. பண்டாரம் என் மடியிலிருந்த தட்டை ஏறக்குறையப் பிடுங்கினார். அவர் கணக்கில் பத்து இருபது, மணிக்கூண்டின் கணக்கில் பன்னிரண்டரை. இரண்டு கணக்கிலும் நல்ல நேரம். "கெட்டி மேளம்!" என்று அவர் போட்ட சத்தம் மணியையும் அமுக்கிவிட்டது. வேலு, மாமன் முகத்தைப் பார்க்காமலேயே, சட்டென்று தாலியைக் கையில் எடுத்தான். அவன் வாழ்க்கையிலேயே சட்டென்று செய்த முதல் காரியம் அதுவாகத்தான் இருக்கும். அவன் ஒரு முடிச்சுப் போட, மற்ற இரண்டையும் அவன் அக்கா போட்டாள். அப்போது மணி ஒன்று அடித்தது.

பேச்சியம்மாள் அழுதார். நானும் அழுதேன், கண்ணில் அரிசி பட்டுவிட்டது என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

மணிக்கூண்டு நிற்கவில்லை. மேலே இருந்த வீரமுத்துவுக்குக் கீழே நடந்தது தெரியாது. இரண்டு, மூன்று, நான்கு என்று போய்க்கொண்டே இருந்தது. மணமக்கள் அக்கினி சுற்றியபோது ஐந்து. மெட்டி போட்டபோது ஏழு. செல்லப்பன் முதல் பந்தியில் உட்காரமாட்டேன் என்று சொன்னபோது எட்டு, உட்கார்ந்தபோது ஒன்பதரை. நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டே இருந்தேன். பதினொன்றில் தொடங்கி ராத்திரிப் பத்து வரை, அரை மணிகளையும் சேர்த்து, மொத்தம் எண்பத்தொன்பது அடி.

பிறகு அமைதி. மணிக்கூண்டின் நான்கு முகங்களிலும் பத்து இருபத்தைந்து.

வீரமுத்து ஓடி வந்தார். வேட்டி, மார்பு, கை எல்லாம் எண்ணெய்க் கறை. பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு, மூச்சு வாங்கியபடி, "இன்னும் அஞ்சி நிமிசம் இருக்கு. கட்டச் சொல்லுங்க, சீக்கிரம் கட்டச் சொல்லுங்க" என்றார்.

 செல்வராணி எழுந்து போய் அவர் காலில் விழுந்தாள். எழுந்தபோது அவள் கழுத்தில் தாலியைப் பார்த்தார். "கட்டியாச்சா?" என்றார். "கட்டியாச்சி, ப்பா." அவர் கையைத் தூக்கி அவள் தலையில் வைக்கப் போனார். எண்ணெய்க் கை என்பதால் வைக்காமல் அப்படியே நிறுத்திக்கொண்டார்.

பந்தியில் பாயசம் பரிமாறுவதற்குள் மறுபடியும் மேலே போய், முள் பின்தங்கிய நிமிஷங்களையெல்லாம் சேர்த்து முன்னால் தள்ளிப் புது நேரத்துக்கு வைத்துவிட்டு வந்தார். அப்படி வைக்கும்படி யாரும் அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் காலை துரையின் சீட்டு என் மேசையில் இருந்தது. லீவு நாளில் பங்களாவில் உட்கார்ந்திருந்தவர் காதிலும் எண்பத்தொன்பதும் விழுந்திருக்கிறது. காரணம் என்ன என்று கேட்டிருந்தார். நான் ஒரு நல்ல பதிலைத் தயார் செய்தேன். சக்கரத்தின் பல் ஒன்று தேய்ந்து நழுவியது. சாவி கொடுப்பவரின் சமயோசிதத்தால் அரை மணிக்குள் சரிசெய்யப்பட்டது. இந்தப் பதினேழு வருஷத்தில் அதைவிட அழகாக ஒரு பொய்யை நான் எழுதியதில்லை. வீரமுத்துவைக் கூப்பிட்டுப் படித்துக் காட்டினேன்.

"கடிகாரம் தப்புப் பண்ணிச்சின்னு எழுதியிருக்கீங்களா, ஐயா?"

"ஆமா. அதுக்கு என்ன வேலையா போயிடும்? அதை ஆயர் ஈத்தாம் மாதிரி தூரத்து ஊருக்கு மாத்திடுவாங்களா?"

"வேணாங்கய்யா. எட்டு வருசமா அது ஒரு தப்பும் பண்ணல. நான்தான் பண்ணேன். அப்பிடியே எழுதுங்க."

அலமாக், இந்த மனுஷனை என்ன செய்வது? முடிந்தவரை திட்டினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றார். கடைசியில் அவர் சொன்னபடி எழுதினேன். கடிகாரத்தை மாற்றவில்லை, அவரைத்தான் ஆயர் ஈத்தாமுக்கு, சாலையில் கல் உடைக்கிற கும்பலுக்கு மாற்றினார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்று இன்றுவரை தெரியவில்லை.

சாவியை ஒப்படைக்கிற அன்று, புதிதாக வந்த ஆளுக்கு வேலையைக் காட்டிக்கொடுக்க மூன்று பேருமாக மேலே ஏறினோம். நான் அந்த எழுபத்தொரு படியையும் ஏறியது அதுதான் முதல் தடவை. ஏறியவன் ஜன்னல் பக்கம் போய் நின்று மூச்சு வாங்கினேன். அங்கிருந்து கோயில் வாசல் அப்படியே தெரிந்தது. வாசலில் உலர்த்தியிருந்த மிளகாயைக்கூட எண்ணலாம்.

"வீரமுத்து, இங்கேருந்து எல்லாமே தெரியுதே. தாலி கட்டுறப்ப நீங்க பாக்கலியா?"

"முள்ளத் திருப்புறப்ப கண்ண எடுக்கக் கூடாதுங்க. எடுத்தா ஒரு மணி விட்டுப்போயிரும்." எண்ணெய்த் துணியால் சக்கரத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். "எத்தன மணிக்குக் கட்டுனாங்க?"

பன்னிரண்டரைக்கும் ஒன்றுக்கும் நடுவில் என்று சொன்னேன்.

"ம். அங்க கைப்பிடி கொஞ்சம் எறுகுச்சி. ஒரு தடவ நிறுத்தித்தான் சுத்துனேன்."  பிறகு, "பிள்ள அழுதுச்சா?" என்று கேட்டார்.

"இல்ல. தலையைக் குனியவே இல்ல. மாப்பிள்ளை முடிச்சுப் போடுறான், எல்லாரும் அரிசி போடுறாங்க, அவ நிமிந்து இந்த ஜன்னலைத்தான் பாத்துக்கிட்டிருந்தா."

அவர் துணியைக் கீழே வைத்தார். புது ஆளை விலகச் சொல்லிவிட்டு ஜன்னலுக்கு வந்து, என் பக்கத்தில் நின்று கீழே பார்த்தார். பந்தலை அதற்குள் பிரித்துவிட்டிருந்தார்கள். கால் நட்ட குழிகள் நான்கு மட்டும் இருந்தன. அவற்றை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.